தத்துவம் என்றால் என்ன என்று மகளிடம் கேட்ட அப்பாவுக்கு

கேள்வி: விருதுநகரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். மகள் பிளஸ் டூ நல்ல மதிப்பெண்ணோடு முடித்திருக்கிறாள். பி.காம். படிப்பாள் என்று இருந்தோம். பி.ஏ. தத்துவம்தான் படிப்பேன் என்கிறாள். தத்துவம் என்றால் என்னம்மா என்று கேட்டேன். ஒரு நாள் ஒரு பதில், மறுநாள் வேறு பதில். நானும் தேடிப் படித்தேன். ஞானத்தின் மீது காதல் என்கிறார் ஒருவர். கடவுளைப் பற்றியது என்கிறார் இன்னொருவர். வாழும் வழியைச் சொல்வது என்கிறார் மூன்றாமவர். என் கடைக்கு வருபவர் ஒரு போல்ட் கேட்டால்கூட நீளம், கனம், மரை எல்லாம் சொல்லித்தான் கேட்கிறார். தான் என்ன என்றே சொல்லத் தெரியாத படிப்புக்கு மூன்று வருஷத்தை எப்படிக் கொடுப்பது? இன்னொன்று. என் தாத்தா வாங்கிய தராசு கடையில் இருக்கிறது. அப்பா காலத்தில் தட்டுகளை மாற்றினார்கள். என் காலத்தில் கோலை மாற்றினேன். பழையவை பரணில் கிடக்கின்றன. "எல்லாத்தையும் மாத்தியாச்சு, அப்புறம் எப்படிப்பா அது தாத்தா தராசு?" என்று கேட்கிறாள். விதண்டாவாதம் பேசாதே என்று அதட்டிவிட்டேன். அதிலிருந்து என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. நான் செய்தது தவறா?

பதில்:

அன்புள்ள ஐயா,

கல்லூரியில் 31 வருஷம் தத்துவம் நடத்தியவள் நான். "இது என்ன படிப்பு?" என்று கேட்டு வந்த பெற்றோர்கள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். போல்ட்டை உதாரணம் காட்டிக் கேட்டவர் நீங்கள்தான். கேள்வி நியாயமானது, அதற்கு வருகிறேன். ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு எனக்கு அந்தத் தராசிலிருந்து மனம் நகரவில்லை. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அதட்டியது தவறா என்று கேட்டிருக்கிறீர்கள். தவறுதான் என்று நினைக்கிறேன். "விதண்டாவாதம்" என்று நாம் வீட்டில் சாதாரணமாகத் திட்டுகிறோம். அது தத்துவத்தின் பட்டறையில் வார்த்த சொல். நியாய சூத்திரம் என்ற பழைய நூல் விவாதத்தை மூன்றாகப் பிரிக்கிறது. உண்மை எது என்று தெரிந்துகொள்ள இருவர் பேசினால் அது வாதம். ஜெயிப்பது ஒன்றே குறியாக, குறுக்குவழியும் கலந்து பேசினால் ஜல்பம். தனக்கென்று ஒரு நிலையும் எடுக்காமல், அடுத்தவர் சொல்வதை உடைப்பதையே வேலையாக வைத்துக்கொண்டால் விதண்டை. கேள்வியின் அமைப்பை வைத்து இந்த மூன்றையும் பிரிக்க முடியாது. அடுத்து என்ன நடக்கிறது என்பதை வைத்துத்தான் பிரிக்க முடியும். உங்கள் மகள் கேட்டதும், "சரிம்மா, நீ என்ன நினைக்கிறாய்?" என்று திருப்பிக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அவள் ஒரு பக்கம் நின்று காரணம் சொல்லியிருந்தால் வாதம். "அது எனக்குத் தெரியாது, நீங்க சொன்னது தப்பு, அவ்வளவுதான்" என்றிருந்தால் உங்கள் அதட்டல் பொருத்தம். நீங்கள் அந்த அடுத்த அடியை வைக்க விடவில்லை.

அவள் கேட்ட கேள்வி எவ்வளவு பழையது என்று அவளுக்கே தெரியுமோ என்னவோ. கிரேக்க நாட்டில் தீசியஸ் என்ற வீரன் பயணம் செய்த கப்பலை ஏதென்ஸ் நகரத்தார் நினைவுச் சின்னமாகப் பாதுகாத்தார்கள். 30 துடுப்புக் கப்பல் அது. பலகை உளுத்துப்போகப் போக எடுத்துவிட்டுப் புதிய பலகையை வைத்தார்கள். இது அதே கப்பல்தானா, இல்லையா என்று தத்துவக்காரர்கள் இரண்டு கட்சியாக நின்றார்கள் என்று புளூட்டார்க் என்ற பழங்காலக் கிரேக்க எழுத்தாளர் எழுதிவைத்திருக்கிறார். நம் பக்கத்தில் பௌத்தர்கள் இதையே தேரை வைத்துக் கேட்டார்கள். மிலிந்தன் என்ற கிரேக்க அரசனும் நாகசேனர் என்ற துறவியும் பேசுவதாக ஒரு பாலி நூல் உண்டு. "தேரில் வந்தேன் என்கிறீர்களே, அச்சு தேரா? சக்கரம் தேரா? நுகத்தடி தேரா?" என்று துறவி ஒவ்வொன்றாகக் கேட்கிறார். எல்லாவற்றுக்கும் இல்லை என்கிறான் அரசன். கடைசியில் தேர் என்பது இந்த உறுப்புகள் கூடியிருப்பதற்கு நாம் வைத்த பெயர்தான் என்று அவனே ஒப்புக்கொள்கிறான். நாகசேனர் அங்கே நிற்பதில்லை. "நான்" என்று நீங்கள் சொல்வதும் அப்படித்தான் என்று தன் பக்கம் இழுத்துக்கொண்டு போகிறார். தராசில் தொடங்கிய கேள்வி நம்மிடமே வந்து முடிகிறது. பிறந்தபோது இருந்த உங்கள் உடம்பும் இன்றைய உடம்பும் ஒன்றா? இருபது வருஷத்துக்கு முன் ஒருவன் வாங்கிய கடனை, மனசும் உடம்பும் மாறிவிட்ட அதே ஆளிடம் கேட்கிறோமே, எந்த நியாயத்தில்? ஒரு வியாபாரிக்கு இது வெட்டிக் கேள்வி இல்லை.

உங்கள் தராசு விஷயத்தில் நீங்கள் ஏற்கெனவே இரண்டு விதமாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள், கவனித்தீர்களா? கோலை மாற்றிய பிறகு, எடை சரி என்பதற்கான அரசு முத்திரையைப் புதிதாகப் போட்டிருப்பீர்கள். பழுது பார்த்து உறுப்பு மாற்றிய தராசை மறுபடி சோதித்து முத்திரை இடாமல் வியாபாரத்துக்கு வைக்கக் கூடாது. அதாவது முத்திரை ஆய்வாளருக்கு, நேற்றைய நம்பிக்கை இன்றைய தராசுக்குச் செல்லாது. ஆனால் சரஸ்வதி பூஜை அன்று சந்தனம் வைக்கும்போது உங்களுக்கு அது தாத்தா தராசு. இருவரில் யார் சொல்வது சரி? என் பதில், இருவரும் "அதே" என்ற சொல்லை வேறு வேறு வேலைக்குப் பயன்படுத்துகிறார்கள் என்பது. அவருக்கு அது எடை சரியாகக் காட்டுமா என்பதற்கான சொல். உங்களுக்கு மூன்று தலைமுறையாக ஒரே இடத்தில் தொங்கி, ஒரே வேலையைச் செய்து வந்த தொடர்ச்சிக்கான சொல். இந்தப் பதிலை எல்லாத் தத்துவ ஆசிரியர்களும் ஏற்க மாட்டார்கள். "சொல்லைப் பிரித்துக் காட்டித் தப்பிக்காதீர்கள், உண்மையில் அது ஒரே பொருளா இல்லையா?" என்று என் கூட வேலை பார்த்த ஒருவர் விடாமல் கேட்பார். அவர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது.

இப்போது உங்கள் போல்ட்டுக்கு வருவோம்.

ஒரு வரையறை சரியா என்று பார்க்க நம் ஊர்த் தருக்க நூல்கள் அழகான ஒரு சோதனை வைத்திருக்கின்றன. பசுவை வைத்துச் சொல்வார்கள். "பசு என்பது கபில நிற விலங்கு" என்றால் வெள்ளைப் பசு வெளியே போய்விடும். இது அவ்வியாப்தி, போதாமை. "கொம்புள்ள விலங்கு" என்றால் எருமையும் உள்ளே வந்துவிடும். இது அதிவியாப்தி, மிகுதி. "ஒற்றைக் குளம்புள்ளது" என்றால் எந்தப் பசுவுக்கும் பொருந்தாது, அது அசம்பவம். கடைசியில் கழுத்தின் கீழ் தொங்கும் அலைதாடியைச் சொல்லி வரையறையை முடிப்பார்கள். நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் முதல் இரண்டும் குன்றக் கூறல், மிகைபடக் கூறல் என்பவைதான். பள்ளியில் மனப்பாடம் செய்திருப்பீர்கள்.

நீங்கள் தேடி எடுத்த மூன்றையும் இதில் வைத்துப் பாருங்கள். "ஞானத்தின் மீது காதல்" என்பது கிரேக்கச் சொல்லின் நேர்ப்பொருள். பிலோ என்றால் நேசிப்பது, சோபியா என்றால் ஞானம். சொல் பிறந்த கதையாக அது சரி. வரையறையாக வைத்தால் மிகைபடக் கூறல். தினமும் ஒரு குறள் படித்து அதன்படி நடக்கப் பார்க்கிற பெரியவரும் ஞானத்தை நேசிக்கிறவர்தானே? அவரைத் தத்துவவாதி என்று சொல்ல மாட்டோம். "கடவுளைப் பற்றியது" என்பது குன்றக் கூறல். உலகாயதர்கள் கடவுளே இல்லை என்றார்கள். பழைய சாங்கியம் என்ற தத்துவ மரபு கடவுள் இல்லாமலே உலகத்தை விளக்கியது. கௌடில்யர் அர்த்த சாஸ்திரத்தில் ஆய்ந்தறியும் வித்தையை எல்லா வித்தைகளுக்கும் விளக்கு என்கிறார். அதில் அவர் சேர்த்த மூன்றில் சாங்கியமும் உலகாயதமும் இருக்கின்றன, யோகம் மூன்றாவது. "வாழும் வழியைச் சொல்வது" என்றால் தருக்கம் முழுக்க வெளியே போய்விடும். உங்கள் மகள் முதல் வருஷத்தில் அநேகமாக அதைத்தான் படிப்பாள்.

இதில் நம் தமிழ்ச் சொல்லும் கொஞ்சம் குழப்புகிறது. "தத்துவம்" என்று ஆட்டோவின் பின்னால் எழுதியிருப்பதையும் சொல்கிறோம், சோகப் பாட்டையும் சொல்கிறோம். சைவ சித்தாந்தத்தில் 36 தத்துவங்கள் என்னும்போது அது உலகத்துக்கு அடிப்படையான மூலப்பொருள்களின் கணக்கு. சாங்கியத்தில் அதே கணக்கு 25. வடமொழியில் தத் என்றால் அது, த்வம் என்றால் தன்மை. அதாவது, அது அதுவாக இருக்கும் தன்மை. "எப்பொருள் எத்தன்மைத் தாயினும் அப்பொருள் மெய்ப்பொருள் காண்ப தறிவு" என்ற குறள் கிட்டத்தட்ட இதையே சொல்கிறது. மெய்யியல் என்ற சொல் எனக்கு இன்னும் பிடிக்கும். மெய் என்றால் உண்மை, மெய் என்றால் உடம்பும்கூட. வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் ஒரு நிமிஷம் தன் கையைப் பார்த்துக்கொள்வார்கள்.

சரி, ஏன் இந்தச் சோதனையில் தேறுகிற ஒரு வரையறை கிடைக்கவில்லை? ஒரு காரணம், தத்துவத்தின் வீட்டிலிருந்து பிள்ளைகள் தனிக்குடித்தனம் போய்க்கொண்டே இருந்தார்கள். நியூட்டன் 1687ஆம் ஆண்டு வெளியிட்ட பெரிய நூலுக்கு இட்ட பெயர் "இயற்கைத் தத்துவத்தின் கணிதக் கோட்பாடுகள்". இன்று அதை இயற்பியல் என்கிறோம். மனத்தைப் பற்றிய ஆராய்ச்சியும் தத்துவத்துக்குள்ளேதான் இருந்தது. 1879ஆம் ஆண்டு வுண்ட் என்பவர் லைப்ஸிக் நகரில் அதற்கென்று ஆய்வுக்கூடம் வைத்த பிறகு மெல்ல உளவியல் என்று தனியானது. வேதியியலில் ஆராய்ச்சி செய்தவருக்கும் "பிஎச்.டி." என்றுதான் பட்டம் தருகிறார்கள். விரித்தால் தத்துவ முனைவர். ஒரு கேள்விக்கு அளந்து, சோதித்து, எல்லோரும் ஒப்புகிற விடை காணும் வழி கிடைத்ததும் அது அறிவியல் என்று பெயர் வாங்கிக்கொண்டு போய்விடுகிறது, கிடைக்காதவை தத்துவத்தின் பேரில் நிற்கின்றன என்று பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி 1912இல் எழுதினார். விடையே இல்லாத படிப்பு என்று இதைச் சிலர் குறை சொல்கிறார்கள். விடை கண்டவற்றையெல்லாம் மற்ற துறைகளின் கணக்கில் எழுதிவிட்டு அப்படிச் சொல்வது நியாயமில்லை.

இன்னொரு காரணத்தை நீங்கள் என்னைவிட நன்றாகப் புரிந்துகொள்வீர்கள், ஏனென்றால் நீங்கள் கயிறு விற்கிறவர். விட்கன்ஸ்டைன் என்ற ஆஸ்திரியர் "விளையாட்டு" என்ற சொல்லை எடுத்துக்கொண்டார். நம் ஊர் உதாரணத்தில் சொல்கிறேன். சடுகுடு, தாயம், பல்லாங்குழி, சீட்டு, ஒரு குழந்தை தனியாகச் சுவரில் பந்தெறிந்து பிடிப்பது, எல்லாமே விளையாட்டு. எல்லாவற்றுக்கும் பொதுவானது என்ன? வெற்றி தோல்வியா? பந்தெறியும் குழந்தைக்கு அது இல்லை. திறமையா? தாயத்தில் பாதிக்கு மேல் அதிர்ஷ்டம். இருவர் வேண்டுமா? குழந்தை தனியாக இருக்கிறது. ஆனாலும் அந்தச் சொல்லை நாம் தடுமாறாமல் பயன்படுத்துகிறோம். ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு மூக்கு, ஒருவருக்கு நடை, ஒருவருக்குக் கண் என்று சாயல் குறுக்கும் நெடுக்குமாக ஓடுவது போல இது என்றார் அவர். கயிற்றையும் சொன்னார். கயிற்றின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போகிற நார் ஒன்றுகூட இருக்காது. நாரோடு நார் முறுகிக்கொண்டு போவதில்தான் அதன் பலம். நூறடிக் கயிற்றை அளந்து கொடுக்கும்போது, இதில் நூறடி நார் எங்கே என்று யாரும் உங்களைக் கேட்பதில்லை. தத்துவம் என்ற சொல்லும் அப்படி முறுக்கேறியதுதான்.

ஆனால் இதோடு விட்டுவிட்டால் நான் உங்களுக்குப் பதில் சொன்னதாகாது. போல்ட்டுக்கு அளவு இருப்பதற்குக் காரணம், எல்லோரும் கூடி இதுதான் அளவு என்று முடிவு செய்துவிட்டார்கள். "வீரம்" என்ற சொல்லுக்கு அப்படி முடிவு செய்ய முடியுமா? பிளேட்டோ எழுதிய உரையாடல் ஒன்று இருக்கிறது, லேக்கிஸ் என்று பெயர். பிள்ளைகளை எதில் பழக்குவது என்று கவலைப்படும் இரண்டு அப்பாக்களிடமிருந்துதான் அது தொடங்குகிறது. ஆயுதச் சண்டை சொல்லிக்கொடுக்கும் ஒருவரிடம் மகன்களை அனுப்பலாமா என்று இரண்டு தளபதிகளிடம் யோசனை கேட்கிறார்கள். தளபதிகள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பக்கத்தில் இருந்த சாக்ரடீஸ், "பிள்ளைகளுக்கு வீரம் வர வேண்டும் என்பதற்காகத்தானே இதெல்லாம்? வீரம் என்றால் என்ன?" என்கிறார். தளபதிகளில் ஒருவரான லேக்கிஸ் போர்க்களம் கண்டவர், தயங்காமல் பதில் சொல்கிறார். அணியில் தன் இடத்தை விட்டு ஓடாமல் எதிரியை எதிர்த்து நிற்பது. "சிதியர்கள் பின்வாங்கி ஓடிக்கொண்டே சண்டை போடுகிறார்களே? பிளாட்டேயா போரில் ஸ்பார்ட்டாக்காரர்கள் பின்வாங்கித் திரும்பித்தானே ஜெயித்தார்கள்?" என்கிறார் சாக்ரடீஸ். சரி, மனத்தின் உறுதி என்று லேக்கிஸ் மாற்றுகிறார். முட்டாள்தனமான உறுதியும் வீரமா? அங்கேயும் சிக்குகிறார். இன்னொரு தளபதி, எதற்குப் பயப்பட வேண்டும் எதற்கு வேண்டாம் என்று அறியும் அறிவே வீரம் என்கிறார். அதுவும் நிற்கவில்லை. கடைசி வரை விடை வரவில்லை. ஆனால் அந்த அப்பாக்கள் கோபித்துக்கொண்டு போகவில்லை. நாளைக் காலையில் வீட்டுக்கு வாருங்கள், பேசுவோம் என்று சாக்ரடீஸைக் கூப்பிட்டுவிட்டுப் போகிறார்கள்.

என் பாடத்தில் எனக்கு மிகப் பிடித்த இடங்களில் இது ஒன்று. விடை வராவிட்டாலும் அங்கே ஒன்று நடந்துவிட்டது. காலையில் லேக்கிஸுக்கு வீரம் என்றால் அணியில் நிற்பது. மாலையில் அப்படிச் சொல்ல அவரால் முடியாது. ஒரு தளபதிக்கு அது சின்ன மாற்றமா? பின்வாங்கு என்று உத்தரவிடுவது கோழைத்தனம் என்று நினைத்த காரணத்துக்காகவே எத்தனை பேரைக் களத்தில் சாகவிட்டிருப்பார்கள்.

அப்படியானால் தத்துவத்தை நான் எப்படிச் சொல்வேன்? தமிழில் இதற்கு ஒரு நல்ல சொல் இருக்கிறது. எதை வைத்து ஒன்றை அறிகிறோமோ, அதை "அளவை" என்றார்கள். கண்ணால் காண்பது காட்சியளவை, புகையைக் கண்டு நெருப்பை ஊகிப்பது கருதலளவை, நம்பத்தக்கவர் சொல்வது உரையளவை. எடையளவை, முகத்தலளவை என்று உங்கள் கடையில் புழங்கும் அதே சொல். மணிமேகலையில், வஞ்சி மாநகரில் அவள் ஒவ்வொரு சமயவாதியிடமும் போய் உங்கள் கொள்கை என்ன என்று கேட்கும் காதை ஒன்று வருகிறது. முதலில் பேசுபவரே அளவைவாதி. கடைசியில் பூதவாதி வருகிறார். கண்ணால் கண்டதைத் தவிர எதையும் ஏற்க மாட்டேன், கருதல் எனக்கு வேண்டாம் என்கிறார். மணிமேகலை ஒரே கேள்வி கேட்கிறாள். உன் தாய் தந்தையை நீ கருதலால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய்? பிறந்ததை யாரும் கண்ணால் பார்ப்பதில்லையே. அவள் அவருடைய கொள்கையைத் திட்டவில்லை. அவர் கையில் இருக்கும் தராசில் அவரையே ஒரு பொருளை நிறுத்துப் பார்க்கச் சொல்கிறாள்.

அதைத்தான் நான் தத்துவம் என்பேன். மற்ற படிப்புகள் ஏதோ ஒரு தராசை நம்பி எடுத்துக்கொண்டு நிறுக்கத் தொடங்குகின்றன. வரலாறு ஆவணத்தை நம்புகிறது, கணக்கியல் ரசீதை நம்புகிறது, சட்டம் சாட்சியை நம்புகிறது. நம்பித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் வேலை நடக்காது. சாட்சி என்றால் என்ன, எப்போது நம்பலாம், "அதே ஆள்" என்றால் என்ன, "நியாயம்" என்றால் என்ன என்று அந்தத் தராசையே இறக்கி வைத்துச் சோதிக்கிற வேலையைத் தத்துவம் எடுத்துக்கொள்கிறது, ஆதாரம் காட்டி, காரணம் சொல்லி.

உடனே ஒரு வியாபாரி கேட்பார். தராசைச் சோதிக்க இன்னொரு தராசு வேண்டும், அதைச் சோதிக்க இன்னொன்று, இது எங்கே போய் நிற்கும்? நாகார்ச்சுனர் என்ற பௌத்த மேதை இதே கேள்வியைப் போட்டு எதிர்த்தரப்பை நெருக்கினார். எல்லாவற்றையும் அளவைகளால் நிறுவுகிறீர்களே, அளவைகளை எதனால் நிறுவுவீர்கள் என்றார். இது போன்ற கேள்விக்கு நியாய சூத்திரம் சொல்லும் விடையில் வருவது எது தெரியுமா? தராசு. நிஜமாகவே தராசுதான். தராசு பொன்னை நிறுக்கும்போது தராசு அளவை, பொன் அளக்கப்படும் பொருள். எடை தெரிந்த பொன்னை வைத்துத் தராசைச் சோதிக்கும்போது பொன் அளவை, தராசு அளக்கப்படும் பொருள். ஒன்றே இரண்டு வேலையும் செய்யும். எல்லாத் தராசையும் ஒரே நேரத்தில் சந்தேகிக்க வேண்டியதில்லை, ஒன்றை நிலையாக வைத்து இன்னொன்றைப் பார்க்கலாம். முத்திரை ஆய்வாளர் தன் பையிலிருந்து படிக்கல்லை எடுத்து உங்கள் தட்டில் வைக்கிறாரே, அதையே சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன் ஒருவர் அறிவைப் பற்றிச் சொல்லிவிட்டார்.

என்னுடைய இந்த வரையறையும் ஒழுகும், அதையும் சொல்லிவிடுகிறேன். வேதாந்தியோ சித்தாந்தியோ இதைப் படித்தால், "சோதிப்பதோடு நின்றுவிட்டால் எப்படி? விடுதலைக்கு வழி காட்டாத தரிசனம் தரிசனமா?" என்பார். தரிசனம் என்றால் பார்வை, காட்சி. அவருக்குத் தத்துவம் ஒரு போய்ச் சேரும் இடம். என் வரையறையில் அவர் பாதிதான் உள்ளே வருகிறார். குன்றக் கூறல்தான். உங்கள் மகள் ஒரு நாள் ஒன்றும் மறுநாள் வேறொன்றும் சொன்னதைக் குறையாக எழுதியிருந்தீர்கள். முதல் நாள் சொன்னது ஒழுகுகிறது என்று இரவில் கண்டுபிடித்திருப்பாள்.

அப்புறம் வேலை. நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அது இருக்கிறது. மழுப்பாமல் சொல்கிறேன். இந்தப் பட்டத்தைக் காட்டினதும் கூப்பிட்டு வேலை தரும் இடங்கள் குறைவு. பள்ளிகளில் தத்துவத்துக்கென்று ஆசிரியர் பணியிடம் அரிது. கல்லூரியில் கற்பிக்க வேண்டுமானால் எம்.ஏ. முடித்து, நெட் போன்ற கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வில் தேற வேண்டும், அல்லது பிஎச்.டி. முடிக்க வேண்டும், அந்த இடங்களும் கொஞ்சம்தான். மறுபக்கம், ஏதேனும் ஒரு பட்டம் போதும் என்கிற எல்லாக் கதவும் இதற்கும் திறக்கும். மூன்று வருஷச் சட்டப் படிப்புக்குப் போகலாம், டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகள் எழுதலாம். யு.பி.எஸ்.சி. முதன்மைத் தேர்வில் தத்துவம் விருப்பப் பாடமாகவே இருக்கிறது. என்னிடம் படித்தவர்களில் வழக்குரைஞர்கள் இருக்கிறார்கள், வங்கியில் இருக்கிறார்கள், இரண்டு மூன்று வருஷம் வேலை தேடி அலைந்தவர்களும் இருக்கிறார்கள். அதனால் சேரும்போதே, இதற்குப் பின் என்ன என்று ஒரு திட்டத்தை அவளிடம் எழுதி வாங்குங்கள். அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கணக்கும் தெரிந்திருக்கட்டும் என்று நினைத்தால், விடுமுறையில் கடைக்கணக்கை அவளிடம் கொடுங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று பகை இல்லை.

வியாபாரிகளுக்குப் பிடிக்கும் கதை ஒன்று, அரிஸ்டாட்டில் எழுதிவைத்தது. தேலிஸ் என்பவர் மிலேட்டஸ் நகரத்துக்காரர், கிரேக்கத் தத்துவத்தை அவரிடமிருந்து தொடங்குவது வழக்கம். தத்துவம் சோறு போடுமா என்று ஊரார் அவரை இளக்காரம் செய்தார்கள். வானத்தைப் பார்த்து வரும் வருஷம் ஆலிவ் விளைச்சல் அமோகம் என்று கணித்த அவர், குளிர்காலத்திலேயே மிலேட்டஸிலும் கியாஸ் தீவிலும் இருந்த எண்ணெய்ச் செக்குகள் எல்லாவற்றுக்கும் சின்ன முன்பணம் கொடுத்துப் பேசி வைத்துக்கொண்டார். அப்போது போட்டிக்கு ஆள் இல்லை. அறுவடை வந்தது, எல்லோரும் ஒரே நேரத்தில் செக்குக்கு ஓடி வந்தார்கள், அவர் சொன்னதுதான் வாடகை. தத்துவவாதிகள் நினைத்தால் சம்பாதிக்க முடியும், ஆனால் அவர்கள் அக்கறை அதில் இல்லை என்று காட்டினார் என்கிறார் அரிஸ்டாட்டில். இதைச் சொல்லி உங்கள் மகள் பணக்காரி ஆவாள் என்று நம்ப வைக்க மாட்டேன். தேலிஸுக்கு வானியலும் தெரிந்திருந்தது.

நான் வேண்டுவது ஒன்று. அவளிடம் மன்னிப்பு என்றெல்லாம் பெரிதாகச் சொல்ல வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கடை மூடிய பிறகு அவளைக் கூப்பிட்டு, பரணில் கிடக்கும் பழைய கோலையும் தட்டுகளையும் இறக்கச் சொல்லுங்கள். துருவைத் தேய்த்து இருவரும் சேர்ந்து ஒன்றாகக் கட்டி, இப்போதைய தராசுக்குப் பக்கத்தில் தொங்க விடுங்கள். தீசியஸ் கப்பலில் கழித்த பழைய பலகைகளை யாராவது எடுத்து வைத்து மறுபடி கப்பலாகக் கட்டினால் என்ன ஆகும் என்று தாமஸ் ஹாப்ஸ் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி 1655இல் வெளியான நூலில் கேட்டார், அதுதான் இது. "இரண்டும் இங்கே தொங்குகிறது. இதில் எதும்மா தாத்தா தராசு?" என்று கேளுங்கள். இந்த முறை நீங்கள் கேட்கிறவர், அவள் நிலை எடுக்க வேண்டியவள். பழையதுதான் என்றால், அப்படியானால் இத்தனை வருஷம் நான் பூஜை செய்தது யாருடைய தராசுக்கு என்று கேளுங்கள். புதியதுதான் என்றால், தாத்தா கைபட்ட இரும்பு முழுக்க மற்றதில் இருக்கிறதே என்று கேளுங்கள். இரண்டும் என்றால், தாத்தா ஒன்றுதானே வாங்கினார் என்று கேளுங்கள். அவள் என்ன சொன்னாள், நீங்கள் எங்கே ஒத்துப்போகவில்லை என்று எனக்கு எழுதுங்கள். கல்லூரியில் சேர்க்கை முடிய இன்னும் நாள் இருந்தால், அதற்கு முன்பே எழுதுங்கள்.